எங்கள் பிள்ளைகளைத் தோற்க விடுங்கள்: சிலம்பச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டந்தோறும் சிலம்பப் போட்டிகளும் உலக சாதனை நிகழ்ச்சிகளும் நடத்திவரும் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, உங்கள் போட்டியிலிருந்து திரும்பிய எங்கள் வேன் திருநெல்வேலி வந்து சேர்ந்தது. 23 பிள்ளைகளில் பெரும்பாலோர் தூங்கிவிட்டார்கள். பதக்கத்தைக் கழற்றாமலே தூங்கியதால், வேன் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் தகரத்தோடு தகரம் உரசும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினோரு வயதுப் பெண் மட்டும் விழித்திருந்தாள். அவள் கழுத்தில் தங்கப் பதக்கம். “மாஸ்டர், நான் யாரை ஜெயித்தேன்?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

அவளுடைய எடைப் பிரிவில் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. காலை ஏழரைக்கு வந்து வரிசையில் நின்றவளை இரவு எட்டே காலுக்கு மேடைக்கு அழைத்தீர்கள். கம்பைத் தூக்காமலே தங்கம். ஐந்து மாதமாக அவள், எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்கென்றே பழகினாள். எதிராளி மேலிருந்து இறக்கினால் எப்படி ஏந்துவது, காலுக்கு வீசினால் எப்படித் துள்ளி விலகுவது என்று கனவில்கூடக் கம்பு வீசுவதாக அவள் அம்மா சொன்னார். எதிரில் ஆளில்லை என்பது முதல் நாள் இரவே உங்கள் பட்டியலில் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உங்களுக்கு 700 ரூபாய் கட்டணம் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

என் வாரக் கடைசி எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் என் ஆத்திரம் விளங்கும். நான் முழுநேர ஆசான் அல்ல. பிழைப்புக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தாமிரபரணிக் கரையோரம் ஒரு பொட்டலில் வகுப்பு. நாற்பது பிள்ளைகள். மாதம் 300 ரூபாய். பத்துப் பேர் கொடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஒன்பதரைக்குக் கடை திறக்க வேண்டும். பிற்பகல் மூன்றரைக்கு ஓர் அரசுப் பள்ளியில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே சம்பளம் இல்லை, தேநீர் உண்டு. ஆறு மணிக்குக் கல்லூரிப் பெண்களுக்கு இன்னொரு வகுப்பு. அவர்கள் யாரும் பதக்கம் கேட்பதில்லை. இருட்டிய பிறகு பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து போகும் தைரியத்தைத்தான் கேட்கிறார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலையில் ஒன்று நடந்தது. பதின்மூன்று வயதுப் பையன், எங்கள் களத்திலேயே உயரமானவன், தன் தோளுக்குக்கூட எட்டாத ஒரு சிறுமியிடம் மூன்று முறை கம்பைப் பறிகொடுத்தான். மூன்றாவது முறை கம்பு பறந்து போய் மணலில் குத்தி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் கூப்பிடவில்லை. அரை மணி கழித்து அவனே எழுந்து வந்தான்.

“மாஸ்டர், அவள் எப்படித் தட்டுகிறாள்?”

“அவளிடமே கேள்” என்றேன்.

கேட்டான். கம்பை ஓங்குவதற்கு ஒரு கணம் முன்னால் அவனுடைய முன்னங்காலில் பாரம் இறங்குகிறது, அந்தக் காலைத்தான் தான் பார்ப்பதாகவும் கம்பைப் பார்ப்பதே இல்லை என்றும் அவள் சொன்னாள். ஒரு வருஷமாக நான் தொண்டை வறளச் சொல்லியும் அவன் மண்டையில் ஏறாத விஷயம் அது. மறுநாள் உங்கள் போட்டியில் அவனுக்கு வெள்ளி கிடைத்தது. வேனில் திரும்பி வரும்போது அந்த வெள்ளியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பறிபோன மூன்று கம்புகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை இரவு பதினொன்றரை வரை உங்கள் விண்ணப்பங்களை நிரப்பினேன். பிறப்புச் சான்றிதழ் நகல், புகைப்படம், எடை, பெற்றோர் கையெழுத்து. போட்டிக் கட்டணம் தலைக்கு 700 ரூபாய், 23 பேருக்கு 16,100. சாதனை நிகழ்ச்சிக்குத் தலைக்கு 400, அதில் 14 பேர் சேர்ந்தார்கள், 5,600. வேன் வாடகையும் சாப்பாடும் தனி. எங்கள் பிள்ளைகளில் ஒருவனின் அப்பா காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறார். முந்தின வாரம் இரண்டு நாள் கூடுதலாக வேலை பார்த்துத்தான் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ரூபாய் நோட்டுகளில் வெங்காய வாடை அடித்தது.

மறுநாள் காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். தொடக்க விழா ஒன்பதுக்கு என்று அறிவிப்பில் போட்டிருந்தீர்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்று நாற்பதுக்கு. அதுவரை ஆறு வயதுக் குழந்தைகளும் தோளில் கம்பைச் சாய்த்துக்கொண்டு அணிவகுப்பில் நின்றார்கள். பிறகு பொன்னாடைகள். எண்ண ஆரம்பித்துப் பதினெட்டோடு விட்டுவிட்டேன். முதல் மோதல் தொடங்கியபோது மணி இரண்டு. பெண் பிள்ளைகளுக்கு இருந்த கழிப்பறைகள் இரண்டு, அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது.

எதிராளி இல்லாமல் தனியாகக் கம்பு சுற்றிக் காட்டும் அலங்கார வீச்சில் நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான்கு நான்கு பேராகப் பிரித்தீர்கள். நால்வரில் ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி, மீதி இருவருக்கும் வெண்கலம். வந்த எந்தப் பிள்ளையும் வெறும் கழுத்தோடு திரும்பக் கூடாது என்ற உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. பதக்கம் கிடைத்த வீட்டிலிருந்துதான் அடுத்த மாதமும் 700 ரூபாய் வரும். நடுவர்களாக நின்றவர்கள் உங்கள் சங்கத்தில் பயிலும் பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள். பாவம், அவர்களும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஒருவன் மதிப்பெண் தாளை நிரப்பிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

உலக சாதனைக்கு வருகிறேன். பகல் பன்னிரண்டரைக்கு, உச்சி வெயிலில், ஒரு மணி நேரம் இடைவிடாமல் கம்பு சுற்றுவதுதான் சாதனை என்றீர்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் எங்கள் பையன் ஒருவன், ஏழு வயது, வாந்தி எடுத்துச் சரிந்தான். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள், எண்ணிக்கை குறையக் கூடாது என்று அவன் நின்ற இடத்தில் வேறொரு குழந்தையை நிறுத்திவிட்டார்கள். மருத்துவ உதவிக்கு யாரும் இல்லை. பந்தலுக்கு அடியில் படுக்க வைத்து நானேதான் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். மாலையில் அவனுக்கும் சான்றிதழ் வந்தது. ‘ஒரு மணி நேரம் தொடர்ந்து சிலம்பம் சுற்றி உலக சாதனை படைத்தமைக்காக.’ பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சிலேயே இருந்தன. குழந்தைகள் கம்பைத் தொடுவதற்கு முன்பே உலக சாதனை அச்சாகி வந்துவிட்டது என்றால், அந்த ஒரு மணி நேரம் அவர்கள் எதற்காக வெயிலில் நின்றார்கள்?

ஆணிப் பலகை மேல் நின்று, பானை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு என்று அடுத்த மாதத்துக்கும் அறிவிப்புகள் வந்து கிடக்கின்றன. என் கைபேசியில் இப்போது ஏழு சங்கங்களின் அறிவிப்புகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றின் பெயரில் ‘உலக’ உண்டு, இரண்டில் ‘சர்வதேச’ உண்டு. ஏழிலும் ‘ஐயாயிரம் ஆண்டு பழமை வாய்ந்த’ என்ற வரி தவறாமல் இருக்கிறது. அந்த ஐயாயிரத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அந்த ஒலியை ஒரு பிள்ளையின் மணிக்கட்டிலிருந்து வரவழைக்க மூன்று வருஷம் ஆகும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுவீர்கள். இரண்டு வருஷமாக, அழைத்துவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது ரூபாய் என்று உங்களில் சிலரிடமிருந்து நான் வாங்கியிருக்கிறேன். அந்தப் பணத்தில் பிரம்புகள் வாங்கினேன், தலைக்கவசம் வாங்கினேன். ஆனாலும் வாங்கியது வாங்கியதுதான். இருபது பேருக்கு மேல் கூட்டிவருபவருக்குச் ‘சிறந்த பயிற்சியாளர்’ கேடயம் தருகிறீர்களே, அதில் நான்கு என் கடை அலமாரியில் நிற்கின்றன. மோட்டார் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பேசுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதை வாங்க மேடையேறினேன். கீழே அந்த ஏழு வயதுப் பையன் அவன் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். அந்த அம்மா எனக்காகக் கைதட்டினார். அதன் பிறகு அந்தக் கேடயத்தை வேனில் எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாணவி ஒருத்தி விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போனாள். அதில் 31 சான்றிதழ்கள் இருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் நல்ல மனிதர்தான். ஒவ்வொன்றாகப் புரட்டி 30 தாள்களை ஒரு பக்கமும் ஒன்றை மறுபக்கமும் வைத்தார். அந்த ஒன்று முதலமைச்சர் கோப்பையின் மாவட்டப் போட்டியில் அவள் மூன்றாம் இடம் பெற்றது. அதற்கு அவள் கட்டணம் எதுவும் கட்டவில்லை. நான்கு சுற்று மோதி, அரையிறுதியில் தோற்று வாங்கியது. மீதி முப்பதும் உங்களுடையவை. அவற்றில் பதினெட்டுத் தங்கம். “இவற்றை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளம்மா” என்று அவர் சொன்னாராம். அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தபோது நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அந்த ஒதுக்கீட்டைக் காட்டித்தான் உங்கள் அறிவிப்புகள் பெற்றோரை இழுக்கின்றன. எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்பதை மட்டும் எந்த அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை.

என் ஆசானிடம் ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். என்னை ஏழு மாதம் கம்பைத் தொட விடவில்லை. காலடி வரிசை மட்டும்தான். மணலில் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு வெளியே கால் போனால் கொடிக்காலுக்கு ஒரு குடம் தண்ணீர் சுமக்க வேண்டும். அவர் கொடிக்கால் செழித்ததில் என் பங்கும் உண்டு. எட்டாவது மாதம் என் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார். மறு வருஷம் ஊர்க் கோயில் கொடையில், கொட்டுச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்து ஊர்ப் பையனோடு என்னை இறக்கினார். மோதலுக்கு முன் வணக்கம் செலுத்தும் சலாம் வரிசை முடிந்து நான்காவது வீச்சிலேயே என் கம்பு கூட்டத்துக்கு மேலே பறந்து போய்க் கொட்டடிப்பவர் காலடியில் விழுந்தது. என் அத்தை முறையுள்ள பெண்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றிரவு ஆசான் எதுவும் பேசவில்லை. கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலையில் களத்தில், “முதலில் உன் கால் போனது, பிறகுதான் கம்பு போனது” என்றார். அன்றைக்கே மறுபடியும் காலடி வரிசை. இன்றைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் எல்லாம் அந்த ஒரு தோல்வியிலிருந்து முளைத்தது. அன்று எனக்கு ஒரு வெண்கலத்தை மாட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நான் கம்பைப் பரண் மேல் போட்டிருப்பேன்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, சிலம்பம் பதக்கக் கணக்கில் சேராத செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. கேரளத்தின் களரிப்பயட்டும் பஞ்சாபின் கட்காவும் மணிப்பூரின் தாங்-டாவும் 2022-ல் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் இதே விளையாட்டுகள் நடந்தபோதே பதக்கப் போட்டிகளாகிவிட்டன. நம் வீட்டு முற்றத்தில் விழா நடந்தபோதுதான் நம் கம்பு வாசற்படியைத் தொட்டது. ஏன் இவ்வளவு தாமதம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒரே விதிமுறை இல்லாமல், ஒருவர் நடத்தும் போட்டியை மற்றவர் ஏற்காமல், சங்கத்துக்கு ஒரு ‘உலகம்’ வைத்திருப்பவர்களை நம்பி யார் கதவைத் திறப்பார்கள்? இது என் கருத்து. தவறு என்றால் எழுத்தில் மறுத்துச் சொல்லுங்கள்.

உங்களில் எல்லோரும் இப்படி இல்லை. கைக்காசு போட்டு, தலைக்கவசமும் மார்புக் காப்பும் கொடுத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் மேடைகளில் பொன்னாடை குறைவு. இந்த மடல் அவர்களுக்கு அல்ல.

மற்றவர்களிடம் நான் கேட்பவை இவை.

ஒரு பிரிவில் ஒரே ஒரு பிள்ளைதான் பெயர் கொடுத்திருந்தால் முதல் நாளே சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அல்லது அடுத்த எடைப் பிரிவோடு சேர்த்து மோத விட முடியுமா என்று பெற்றோரிடமும் ஆசானிடமும் கேளுங்கள். நால்வருக்கு நான்கு பதக்கம் என்ற முறையைக் கைவிடுங்கள். சான்றிதழில் அந்தப் பிரிவில் எத்தனை பேர் மோதினார்கள் என்ற எண்ணை அச்சிடுங்கள். இது ஒன்றை மட்டும் செய்தால்கூட மற்றவை பாதி தானாகவே சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அரசு ஒதுக்கீட்டுக்கு உங்கள் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்பதை அறிவிப்பின் மேல் பகுதியில், கட்டணத்தை அச்சிடும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வைத்துச் சாதனை நிகழ்ச்சி நடத்துவதை நிறுத்துங்கள். ஆணி, பானை, கண்கட்டு எதுவும் வேண்டாம். பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளை மதியத்துக்குள் முடியுங்கள். விருந்தினர் எப்போது வருகிறாரோ அப்போது வரட்டும், மோதல் நடக்கும்போது அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும். முதலுதவி தெரிந்த ஒருவர், குடிநீர், பெண் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கழிப்பறை இல்லாமல் ஒரு களத்தையும் பிடிக்காதீர்கள். உங்கள் மாணவர்கள் மோதும் களத்தில் உங்கள் மாணவர்களையே நடுவராக்காதீர்கள்.

ஆசான்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதையும் ஆள் எண்ணிக்கைக்குக் கேடயம் கொடுப்பதையும் நிறுத்துங்கள். நான் வாங்கிய பணத்தைக் கணக்குப் போட்டேன். 6,350 ரூபாய் வருகிறது. மூன்று மாதத்தில் பெற்றோர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஐந்து கேடயங்களையும் அடுத்த வாரம் உங்கள் முகவரிகளுக்கு அனுப்பிவைக்கிறேன். தகடு மாற்றினால் வேறு யாருக்காவது ஆகும்.

இந்த மடலின் நகலை மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் கொடுக்கிறேன். அவரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்தெந்தப் போட்டிகளின் சான்றிதழ்கள் ஒதுக்கீட்டுக்குச் செல்லும் என்ற பட்டியலைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, எல்லாப் பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டச் செய்யுங்கள்.

உங்கள் பதில் எழுத்தில் வரும் வரை எங்கள் களத்திலிருந்து ஒரு பிள்ளையும் உங்கள் போட்டிகளுக்கு வராது. பெற்றோர்களிடம் திங்கட்கிழமை மாலையே பேசிவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். மண்டியில் மூட்டை இறக்குகிறவர் மட்டும், “அப்படியானால் அடுத்த ஞாயிறு எனக்கு லீவா, மாஸ்டர்?” என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தப் பதினோரு வயதுப் பெண்ணுக்கு எதிராளி கிடைத்துவிட்டாள். பாளையங்கோட்டையில் இன்னொரு ஆசானிடம் பழகும் பெண். இவளைவிட ஒன்றரைக் கிலோ எடை கூட, நல்ல வேகக்காரி என்று கேள்வி. வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு ஆற்றங்கரைப் பொட்டலில் மூன்று சுற்று. பதக்கம் இல்லை, கட்டணம் இல்லை, மேடை இல்லை. உங்களில் யாராவது வந்து நடுவராக நின்றால் மகிழ்ச்சி. வரும்போது சிறுவர் அளவுத் தலைக்கவசம் உபரியாக இருந்தால் எடுத்துவாருங்கள். எங்களிடம் ஆறுதான் இருக்கின்றன, அதில் ஒன்றுக்கு வார் அறுந்துவிட்டது.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையில் கம்பு சொல்லிக்கொடுக்கும் ஒருவன்